பழைய டீஸல் டிராக்டர் எஞ்சினில் அதிகச் சக்தி பெறும் வழி

பழைய டிராக்டர் வைத்திருக்கும் மிராசுதார்கள் பலர், "எஞ்சின் முன்போல் இழுக்கவில்லை, பம்பைச் சற்றுத் திருகிவிட்டால் சக்தி கூடுமா?" என்று விசாரிக்கிறார்கள். கூடும், ஆனால் சில நாட்களுக்கு மட்டுமே. பெரும்பாலான பழைய எஞ்சின்களில் குறைந்திருப்பது டீஸல் அன்று, காற்றும் அழுத்தமுமே. குறைந்ததைக் கண்டறிந்து திரும்பப் பெற்றால், புதிதாக எதையும் சேர்க்காமலே டிராக்டர் பழைய இழுப்பைத் தரும்.

உதாரணமாக மாஸ்ஸி பெர்குஸன் 135 என்னும் டிராக்டரை எடுத்துக்கொள்வோம். 1960-களின் நடுவிலிருந்து சுமார் பத்தாண்டுகள் இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரில் செய்யப்பட்ட இதில், பெர்க்கின்ஸ் கம்பெனியாரின் மூன்று சிலிண்டர் டீஸல் எஞ்சின் பொருத்தப்பட்டது. சிலிண்டரின் விட்டம் 3.6 அங்குலம், பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 5 அங்குலம், மொத்தக் கொள்ளளவு சுமார் 2.5 லிட்டர். நிமிஷத்திற்கு 2,250 சுற்றில் சுமார் 45 குதிரைச் சக்தி கிடைக்கும்படி அமைக்கப்பட்டது. இதே வமிசத்தைச் சேர்ந்த எஞ்சின்களைச் சென்னைச் செம்பியத்தில் சிம்ப்ஸன் கம்பெனியார் செய்து வந்திருப்பதால், இங்குக் கூறப்படுபவை நம் நாட்டில் ஓடும் பல டிராக்டர்களுக்கும் பொருந்தும்.

ஒரு லிட்டர் டீஸல் முழுவதும் எரிவதற்குக் குறைந்தது சுமார் 10,000 லிட்டர் காற்று வேண்டும். நடைமுறையில் எரிபொருள் காற்றுடன் முற்றிலும் கலப்பதில்லையாதலால், இதைவிட மிகுதியாகவே காற்று தேவைப்படும். எஞ்சின் உறிஞ்சக்கூடிய காற்றின் அளவோ சிலிண்டரின் கொள்ளளவினாலும் சுற்று வேகத்தினாலும் வரையறுக்கப்பட்டது. ஆகையால், பம்பின் முத்திரையை உடைத்து அதிக டீஸலைப் புகட்டினால், காற்றுக்கு மிஞ்சிய பாகம் எரியாமல் கரும்புகையாக வெளியேறும். வெப்பம் பிஸ்டன் தலையிலும் வால்வுகளிலும் ஏறும். எஞ்சின் எண்ணெயும் கரியால் கெடும்.

சில ஆண்டுகளுக்கு முன் சம்பாச் சேற்றுழவு தொடங்கும் தறுவாயில், எனக்குத் தெரிந்த நிலக்காரர் ஒருவர் இவ்விதம் பம்பைத் திருகச் செய்தார். முதல் மூன்று நாட்கள் அவருக்குப் பரம திருப்தி. நான்காம் நாள் நடுவயலில் எஞ்சின் நின்றது. கழற்றிப் பார்த்ததில் நடுச் சிலிண்டரின் பிஸ்டன் தலை உருகிக் குழிந்திருந்தது. அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் நெடுநாளாக ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. சாமான்கள் வந்து சேர்ந்து டிராக்டர் மறுபடி ஓடுவதற்குள் நாற்றங்காலில் நாற்று முற்றிப்போயிற்று. பாதி நிலத்தை வாடகை டிராக்டரால் உழுது நட்டார். மீதி அவ்வாண்டு தரிசாகவே கிடந்தது. இன்ஜெக்டரை முதலிலேயே பழுது பார்த்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவு, வாடகையில் ஒரு நாள் கூலிக்கு மேல் போயிராது.

சுற்று வேகத்தைக் கூட்டும் திருகையும் சிலர் தொடுகிறார்கள். வேகம் பத்தில் ஒரு பங்கு கூடினால், பிஸ்டன், கனெக்டிங் ராடு முதலியவற்றின் மேல் அவற்றின் ஓட்டத்தினால் விழும் விசை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் கூடும். தேய்ந்த பேரிங்குகளை உடைய எஞ்சினுக்கு இது ஆகாது. டர்போ என்னும் காற்றழுத்தி பொருத்துவதும் அத்தகையதே. அதற்கென்று அமைக்கப்பட்ட எஞ்சின்களில் பிஸ்டனும், குளிர்விக்கும் வசதியும், எண்ணெய் ஓட்டமும் அதற்கேற்ப வலுவாக அமைந்திருக்கும்; பழைய எஞ்சினில் அவை இல்லை.

ஆகவே காற்றிலிருந்து தொடங்கவேண்டும். பழைய டிராக்டர்களில் உள்ள எண்ணெய்த் தொட்டிக் காற்று வடிகட்டியைப் புழுதிக் காலத்தில் தினந்தோறும் திறந்து பார்ப்பது அவசியம். அடியில் சேறு படிந்திருந்தாலும் எண்ணெய் தடித்திருந்தாலும் உடனே மாற்றி, குறியிட்ட மட்டம் வரையில் மட்டும் நிரப்பவேண்டும். மட்டத்திற்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அவ்வெண்ணெயையே உறிஞ்சி எரித்து, நிறுத்த முடியாத வேகத்தில் ஓடிவிடுவதும் உண்டு. வடிகட்டியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயில் வெடிப்பிருந்தால், அவ்வழியே புழுதி நேராகச் சிலிண்டருக்குள் புகுந்து ஒரே பருவத்தில் ரிங்குகளைத் தேய்த்துவிடும். சைலன்ஸரில் கரி அடைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்க.

அடுத்தது டீஸல் வழி. வடிகட்டிகள் அடைத்தால் வெறுமனே நிற்கும்போது எஞ்சின் நன்றாய் ஓடி, கலப்பை இறங்கியவுடன் திணறும். பீப்பாயில் வாங்கிய டீஸலை ஒரு நாள் தெளியவிட்டு, அடியில் கையளவு விட்டு மேலிருந்து எடுப்பதே முறை.

புகையின் நிறம் ஓரளவு நோயைச் சொல்லும். பாரத்தில் கரும்புகை வந்தால் காற்றுக் குறைவு அல்லது இன்ஜெக்டர் கோளாறு. நீலப் புகை, எண்ணெய் எரிவது. சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை, ஒரு சிலிண்டர் சரிவர எரியாமை, அல்லது டீஸல் காலந்தாழ்த்திப் பாய்தல். எந்தச் சிலிண்டர் என்று அறிய, எஞ்சின் மெதுவாக ஓடும்போது இன்ஜெக்டர்க் குழாய்களின் நட்டுகளை, துணி சுற்றி, ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தி மீண்டும் இறுக்க வேண்டும். எதைத் தளர்த்தியபோது சப்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டரே வேலை செய்யாதது. இதைப் பழகிய மெக்கானிக்கே செய்வது நலம். கழற்றிய இன்ஜெக்டரின் பீச்சலுக்கு எதிரே கையை ஒருபோதும் நீட்டலாகாது. அந்த அழுத்தத்தில் டீஸல் தோலைத் துளைத்து உட்புகும். காயம் குண்டூசி குத்தியதுபோல் தோன்றினும், உடனே பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்யாவிடில் விரலையே, சமயத்தில் கையையே இழக்க நேரிடும். உறவினரிடம் வண்டி கேட்டுக் காத்திராமல் அக்கணமே புறப்படவேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் வாடகை டிராக்டர் ஓட்டுபவர்களுக்கு இதனைத் தவறாமல் எடுத்துச் சொல்லவேண்டுகிறேன்.

இன்ஜெக்டர்களைச் சோதனைக் கருவியில் வைத்துப் பார்த்தபின், பம்பின் விளிம்பிலுள்ள கோடும் எஞ்சின் மேலுள்ள கோடும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, வால்வு இடைவெளியையும் சரிசெய்யவேண்டும். மேற்சொன்ன பெர்க்கின்ஸ் எஞ்சினுக்கு ஆறிய நிலையில் அது 0.012 அங்குலம், மற்றவற்றிற்கு அவற்றின் கைப்புஸ்தகத்தில் உள்ளபடி. பிறகே சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்து பார்க்கலாம். மூன்றில் ஒன்று மட்டும் மிகக் குறைந்திருந்தால் பெரும்பாலும் வால்வோ கேஸ்கட்டோ காரணம். மூன்றும் குறைந்து, மூச்சுக்குழாயிலும் புகை தள்ளினால் ரிங்கு, லைனர் மாற்றும் காலம் வந்துவிட்டதென்று கொள்க. இந்தப் பெருஞ்செலவைச் செய்யாமல் பம்பைத் திருகுவது வீண்.

தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் டீஸல் நன்கு எரியாது. சிலிண்டரும் விரைவில் தேயும். சூடு மிஞ்சுகிறதென்றால் ரேடியேட்டரில் அடைந்த பதரையும் தூசியையும் நீக்குவதே பரிகாரம்.

எஞ்சின் முற்றிலும் சரியாயிருந்தும் இழுப்பில்லை என்றால் சக்கரங்களைப் பார்க்கவேண்டும். கட்டாந்தரையில் பின் சக்கரத்தில் சுண்ணாம்புக் குறியிட்டு, கலப்பையைத் தூக்கியபடி 10 சுற்றுக்கு டிராக்டர் செல்லும் தூரத்தை அளந்துகொள்க. அதே தூரத்தைக் கலப்பை இறக்கி உழுகையில் 12 சுற்றில் கடந்தால், ஆறில் ஒரு பங்குச் சக்தி சறுக்கலிலேயே போகிறதென்று பொருள். நூற்றுக்கு 10 முதல் 15 வரை சறுக்கல் இருக்கலாம். அதற்கு மேற்பட்டால் டயரின் தேய்மானத்தையும் காற்றையும் பார்த்து, வேண்டுமானால் சக்கரத்திற்குப் பாரம் ஏற்றவேண்டும். மழுங்கிய கொழுவும் சக்தியைத் தின்னும்.

பழுது பார்ப்பதற்கு முன்னும் பின்னும் தொட்டியை விளிம்புவரை நிரப்பி, ஒரே வயலில் ஒரே ஆழத்தில் ஒரு மணி நேரம் உழுது, மீண்டும் நிரப்ப எவ்வளவு டீஸல் பிடித்தது, எத்தனை சென்ட் நிலம் உழப்பட்டது என்று நோட்டில் குறித்துவைக்கவும். நல்ல நிலையிலுள்ள இந்த அளவு எஞ்சின், முழுப் பாரத்தில் மணிக்குச் சுமார் 9 லிட்டர் கொள்ளும். டீஸல் அவ்வளவே செலவாகி உழுத பரப்புக் கூடியிருந்தால் செய்த வேலை பலித்தது. பரப்பு கூடாமல் டீஸல் மட்டும் ஏறியிருந்தால் அந்த நோட்டோடு மெக்கானிக்கிடம் திரும்பச் செல்லுங்கள்.