வீட்டு ஒளிநாடாவும் கணிப்பொறியும்

கல்யாணப் பத்திரிகை, ஜாதகம், நகை ரசீது இவற்றோடு பீரோவில் ஒரு வீடியோ கேசட்டும் இருப்பதை நம்மவர் வீடுகள் பலவற்றில் காணலாம். அதைப் போட்டுப் பார்க்கும் ‘டெக்’தான் இப்போது இல்லை. ஜப்பானில் 1976-இல் விற்பனைக்கு வந்த வி.எச்.எஸ். முறைக்கான டெக்குகளைக் கடைசிவரை தயாரித்து வந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே, கேசட்டில் உள்ளதைக் கணிப்பொறிக்கு மாற்றுவது அவசியமாகிறது. எங்கள் வீட்டில் அவ்வேலையைச் செய்தபோது நான் கற்றவற்றை இங்கே கூற விரும்புகிறேன்.

எங்களிடம் இரண்டு கேசட்டுகள் இருந்தன. ஒன்று அத்தையின் திருமணம். மற்றொன்று 1996-இல் நடந்த என் பெற்றோரின் திருமணம். நான் பிறக்குமுன்பே காலமாகிவிட்ட தாத்தாவின் குரல் அந்த இரண்டாவது கேசட்டில் மட்டுமே இருக்கிறது.

நாடாவில் படம் எங்கே இருக்கிறது?

சினிமாப் படச்சுருளைப்போல ஒளிநாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. அரை அங்குல அகலமுள்ள பிளாஸ்டிக் நாடாவின்மேல் நுண்ணிய காந்தத் துகள்கள் ஒருவகைப் பசையால் ஒட்டப்பட்டுள்ளன. படம் அத்துகள்களில் காந்தப் பதிவாக இருக்கிறது. டெக்கினுள் சாய்வாக அமைந்த ஓர் உருளை நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது. அதிலுள்ள இரண்டு காந்த முனைகள் நாடாவைச் சாய்ந்த கோடுகளாகத் தடவிச் செல்கின்றன. ஒரு கோடு ஓர் அரைப்படம். வினாடிக்கு 50 அரைப்படங்கள் சேர்ந்து 25 முழுப் படங்கள் ஆகின்றன. நம் நாட்டில் வழங்கிய ‘பால்’ என்னும் ஒளிபரப்பு முறை இதுவே.

முனை நாடாவைத் தொட்டுத்தான் படிக்கிறது. தொடுந்தோறும் நாடா சிறிதளவேனும் தேய்கிறது. மேலும், மூன்று மணி நேரக் கேசட்டை மாற்ற மூன்று மணி நேரமும் ஓட்டியே ஆகவேண்டும். இதில் குறுக்கு வழி கிடையாது.

நான் செய்த தவறு

அத்தையின் கேசட்டில், நாடாச் சுருளின் ஓரத்தில் சாம்பல் பூத்ததுபோல் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தூசி என்றெண்ணி, இரவல் வாங்கிய டெக்கில் அப்படியே செருகிவிட்டேன். அது பூஞ்சைக் காளான். பத்து நிமிடத்தில் திரையெங்கும் வெள்ளைப் புள்ளிகள் நிறைந்தன. நாடா உள்ளே சிக்கிக்கொண்டது. வெளியே எடுத்தபோது சுமார் ஒரு மீட்டர் நீளம் கசங்கிப் போயிருந்தது. வினாடிக்கு 23 மில்லிமீட்டர் அளவே நகரும் நாடாவில் ஒரு மீட்டர் என்பது 40 வினாடிக்கு மேற்பட்ட காட்சியாகும். மாப்பிள்ளை அழைப்பில் ஒரு பகுதி போயிற்று. இதை அத்தையிடம் சொல்ல எனக்கு இரண்டு நாட்கள் ஆயின.

பழைய டெக்குகளைப் பழுதுபார்க்கும் ஒரு பெரியவர்தான் கருவியைத் துடைத்துக் கொடுத்து, முறையையும் கற்பித்தார். துடைக்காமல் அடுத்த கேசட்டைப் போட்டிருந்தால் காளான் அதிலும் பரவியிருக்கும் என்றார்.

சரியான முறை

முதலில், கேசட்டின் முதுகுப் பக்கத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட வேண்டும். அப்போது தவறுதலாக மறுபதிவு ஆகாது. பின்னர் நாடாவை முழுவதும் ஒருமுறை முன்னோக்கி ஓட்டித் திரும்பச் சுற்ற வேண்டும். நெடுநாள் ஒட்டிக் கிடந்த சுற்றுகள் இதனால் விடுபடும். காளான் படிந்த கேசட்டை மட்டும் ஓட்டவே கூடாது. தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும்.

அடுத்து, டெக்கின் மஞ்சள் முனையிலிருந்து படத்தையும், சிவப்பு வெள்ளை முனைகளிலிருந்து ஒலியையும் ஒரு சிறு மாற்றுக் கருவி வழியாகக் கணிப்பொறிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கணிப்பொறியில் ‘பால்’ முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும். முதற்பதிவை அதிகம் சுருக்காமல் வைப்பது நல்லது. டி.வி. என்னும் வடிவத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிகாபைட் இடம் பிடிக்கும். 4.7 ஜிகாபைட் கொள்ளும் டி.வி.டி. தகட்டில் இரண்டு மணி நேரம் அடங்குகிறதென்றால், அவ்வளவுக்குப் படம் சுருக்கப்படுகிறது என்று பொருள். எனவே தகடு உறவினருக்குக் கொடுக்க, முதற்பதிவு பாதுகாக்க. நாமே பதியும் தகட்டிலுள்ள சாயமும் வெயிலிலும் வெப்பத்திலும் கெடக்கூடியதே. ஆதலால் இரண்டு தனித்தனி இடங்களில் பிரதி இருக்கட்டும்.

முடிவுரை

இரண்டாவது கேசட்டை மூன்று மணி நேரமும் அருகிலேயே அமர்ந்து மாற்றினேன். தாத்தா அதில் பெரிதாக எதுவும் பேசவில்லை. “பந்திக்கு நேரமாச்சு, இலையப் போடச் சொல்லு” என்று யாரிடமோ சொல்கிறார், அவ்வளவுதான். அப்பத்தா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். கேசட்டாக இருந்தால் ஒவ்வொரு முறையும் அக்குரல் சிறிது தேய்ந்திருக்கும். இப்போது எத்தனை முறை வேண்டுமானாலும் தயங்காமல் போடுகிறேன்.

நாடாவையும் நான் எறிந்துவிடவில்லை. மூலம் அதுவே, நாளை இதைவிடச் சிறந்த முறை வரலாம். மாணவ நண்பர்கள் இந்த விடுமுறையில் வீட்டுப் பீரோவை ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக. கேசட் கிடைத்தால் அவசரப்பட்டு ஓட்ட வேண்டாம்; முதலில் அதன் ஓரத்தைப் பாருங்கள்.