பின் டிஸ்க் கழலலையா? சுத்தியலைக் கீழே வைங்க!

பீன்யாவுல வேலை பார்க்கிற நம்ம பிள்ளைங்க பலர் மெட்ரோவுல ஷிப்டுக்குப் போயிட்டு, காரை வீட்டு வாசல்லயே விட்டுடறாங்க. பெங்களூரோட செப்டம்பர், அக்டோபர் மழையை வண்டிதான் வாங்கிக்குது. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை பின் பிரேக் டிஸ்க்கை மாத்தலாம்னு உட்கார்ந்தா, அது ஹப்போட ஒட்டிக்கிட்டு அசைய மாட்டேங்குது. உடனே கை பெரிய சுத்தியலைத் தேடும். அக்கா சொல்றேன், கொஞ்சம் பொறுங்க.

நீங்க அடிக்கிறது டிஸ்க்கை. அந்த அடியை வாங்குறது அதுக்குப் பின்னாடி இருக்கிற வீல் பேரிங். பேரிங் உள்ளே குண்டு உருள்ற பாதையில சின்னப் பள்ளம் விழுந்தாப் போதும், கொஞ்ச நாள்ல சக்கரம் 'ஊம்'னு இரைய ஆரம்பிக்கும். நிறைய வண்டிகள்ல ஏபிஎஸ் சென்சாருக்கான காந்த வளையமும் அந்தப் பேரிங்லயேதான் இருக்கு. அதனால டிஸ்க்கை எது பிடிச்சிருக்குன்னு முதல்ல பாருங்க.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்துங்க. ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யவே கூடாது. ஹேண்ட்பிரேக்கை முழுசா இறக்குங்க. பட்டன் வகை எலக்ட்ரானிக் பிரேக்னா, காலிப்பரைத் தொடுறதுக்கு முன்னாடி சர்வீஸ் மோடுக்குக் கொண்டு போகணும். காலிப்பரைக் கழட்டினதும் கம்பி போட்டுக் கட்டித் தொங்க விடுங்க. அதோட பாரம் ரப்பர் ஹோஸ் மேல விழக்கூடாது. காலிப்பர் பிராக்கெட்டையும் கழட்டினாத்தான் டிஸ்க் வெளியே வர வழி கிடைக்கும்.

இப்போ டிஸ்க் முகத்துல சின்ன ஸ்க்ரூ இருக்கான்னு பாருங்க. ஹோண்டா, ஹூண்டாய் வண்டிகள்ல பிளஸ் தலை, ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன்ல ஸ்டார் தலை. துருப்பிடிச்ச பிளஸ் ஸ்க்ரூவைச் சாதா ஸ்க்ரூ டிரைவரால திருகினா தலை வழுக்கி மழுங்கிடும். தட்டத் தட்டத் திரும்புற இம்பாக்ட் டிரைவரை வச்சு, சின்ன சுத்தியலால நேரா ஒரு தட்டு. அதுக்கும் வரலைன்னா தலையை மட்டும் டிரில் பண்ணி எடுத்துடலாம்.

ஸ்க்ரூ போயும் டிஸ்க் லேசா ஆடுது, ஆனா வெளியே வரலைன்னா குற்றவாளி துரு இல்லை. சில வண்டிகள்ல டிஸ்க்கோட நடுக்குடத்துக்குள்ளே ஹேண்ட்பிரேக் ஷூ இருக்கும். தேய்ஞ்சு தேய்ஞ்சு குடத்துக்குள்ளே ஒரு விளிம்பு ஏறி, ஷூ அதுல மாட்டிக்கும். டிஸ்க் முகத்துலயோ பின் தகட்டுலயோ ரப்பர் மூடி போட்ட ஒரு ஓட்டை இருக்கும். மூடியை எடுத்து டார்ச் அடிச்சா உள்ளே பல்சக்கரம் தெரியும். ஸ்க்ரூ டிரைவரால அதை ஒவ்வொரு பல்லாத் தளர்த்துங்க, ஷூ உள்வாங்கிடும்.

துருதான் பிடிச்சிருக்குன்னா, ஹப் நடுவட்டத்தைச் சுத்தியும் ஸ்டட் அடியிலயும் துரு இளக்குற ஸ்ப்ரே அடிச்சு நல்லா ஊற விடுங்க. அப்புறம் டிஸ்க் முகத்துல நட்டு போடாத ரெண்டு மரை ஓட்டை இருக்கான்னு தேடுங்க. டிஸ்க்கைத் தள்ளிக் கழட்டவே கம்பெனிக்காரன் விட்டு வச்சது. பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட், 1.25 பிட்ச். முழு நீளத்துக்கும் மரை உள்ள போல்ட் ரெண்டு வேணும். பீன்யாவுல இதுக்கெல்லாம் அலையவே வேண்டாம், நட்டு போல்ட் விக்கிற எந்தக் கடையிலயும் கிடைக்கும். மரையில துருவைத் துடைச்சுட்டு, எண்ணெய் தடவி, இதுல அரைச் சுத்து, அதுல அரைச் சுத்துன்னு மாத்தி மாத்தி இறுக்குங்க. ஒரே பக்கம் இறுக்கினா டிஸ்க் கோணிக்கிட்டு இன்னும் பிடிச்சுக்கும். நடுநடுவே ஸ்டட்டுகளுக்கு இடையில ரப்பர் சுத்தியலால மெல்லத் தட்டலாம். 'டக்'குன்னு ஒரு சத்தம் கேட்டா துரு விட்டுடுச்சுன்னு அர்த்தம். ஒரு வீல் நட்டைத் தளர்வா மாட்டி வச்சிருங்க, டிஸ்க் துள்ளிக் கால்ல விழாது. பின்னாடி டிரம் உள்ள சின்னக் கார்களுக்கும் இதே வித்தைதான், அதுலயும் இந்த ரெண்டு ஓட்டை நிறைய வண்டிகள்ல உண்டு.

ஓட்டையே இல்லைன்னா, பிராக்கெட் மாட்டியிருந்த துளை வழியா நீள போல்ட்டை விட்டு, டிஸ்க் பக்கம் நட்டைப் போட்டு, போல்ட் நுனியால டிஸ்க்கைப் பின்னாலிருந்து தள்ளலாம். கொஞ்சம் தள்ளி, டிஸ்க்கைச் சுத்தி, திரும்பத் தள்ளணும். இதுல கோடு விழும், அதனால தூக்கிப் போடப் போற டிஸ்குக்கு மட்டும்.

கேஸ் டார்ச்சால சூடு காட்டுறது வேண்டவே வேண்டாம். பேரிங் சீலும் சென்சாரும் கருகிடும். சில பிரேக் கிளீனர்ல குளோரின் சேர்ந்திருக்கும், அது சூட்டுல விஷ வாயுவா மாறும். பிரேக் தூசியையும் காத்தடிச்சுப் பறக்க விடாதீங்க, ஈரத்துணியால துடைங்க.

புது டிஸ்க் மாட்டுறதுக்கு முன்னாடி ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால பளிச்சுன்னு தேய்ங்க. அங்கே ஒட்டியிருக்கிற துருத் துணுக்கு டிஸ்க்கைக் கோணலா உட்கார வச்சு, பிரேக் அழுத்தும்போது பெடல் உதறும். நடுவட்டத்துல ஆன்டி சீஸ் கிரீஸ் மெல்லிசாத் தடவுங்க. பேட் உரசுற பரப்புல ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. ரெண்டு பக்க டிஸ்க்கையும் சேர்த்தே மாத்துங்க.

எல்லாம் மாட்டி முடிச்சதும், வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாகிற வரை மிதிங்க. ஹேண்ட்பிரேக்கைச் சரிபார்த்து, உள்தெருவுல மெதுவா ரெண்டு மூணு தடவை பிரேக் போட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் துமகூரு ரோட்டுல ஏறலாம்.