பெயரை ஒளித்த வைஃபை

சென்னைப் புறநகரில் ஒரு மூன்று மாடி வீடு. கீழே ஹவுஸ் ஓனர், முதல் மாடியில் ஒரு குடும்பம், மேல் மாடியில் வேலைக்குப் போகும் மூன்று பையன்கள். ஃபைபர் இணைப்பு ஒன்றுதான். மாதக் கட்டணத்தை மூன்று போர்ஷனும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பெட்டியை மாட்டிவிட்டுப் படியிறங்கும் தம்பி, போகிற போக்கில் ஒன்று சொல்கிறார்: "பேரை ஹைட் பண்ணிவிட்டுட்டேன் சார். இனிமே வெளியாள் யாருக்கும் உங்க வைஃபை தெரியவே தெரியாது." ஓனருக்குப் பரம திருப்தி. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்க இன்னமும் அட்மின், அட்மின்தான். வைஃபை பாஸ்வேர்டு ஓனரின் செல்போன் எண். அதெல்லாம் கிடக்கட்டும், பெயரைத்தான் ஒளித்தாயிற்றே!

இதே வசனத்தைக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கேட்கலாம், செல்போன் கடையில் கேட்கலாம், கம்ப்யூட்டர் படித்த மருமகன் வாயாலும் கேட்கலாம். வதந்திக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. ராபர்ட் மோஸ்கோவிட்ஸ் என்ற பாதுகாப்பு நிபுணர் 2003-லேயே இதைப் பிரித்து மேய்ந்து, பெயரை மறைப்பது பாதுகாப்பே ஆகாது என்று கட்டுரை எழுதினார். அதன் பிறகு பூட்டுகள் மாறின. 2004-இல் டபிள்யூபிஏ2, 2018-இல் டபிள்யூபிஏ3. வதந்தி மட்டும் மாறவில்லை.

ரவுட்டர் விநாடிக்குச் சுமார் பத்து முறை ஓர் அறிவிப்பை வெளியிடுகிறது. பீக்கன் என்பார்கள். வைஃபையின் பெயர், ரவுட்டரின் அடையாள எண்ணான மேக் முகவரி, எந்தச் சேனல், எந்த வகைப் பூட்டு என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். 'ஹைட்' என்பதை அழுத்தினால் நடப்பது ஒன்றே ஒன்றுதான்: பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாகிறது. அறிவிப்பு நிற்பதில்லை. ஷட்டரைத் தூக்கி, விளக்கையும் போட்டுவிட்டு, பெயர்ப் பலகையில் மட்டும் துணியைப் போர்த்திய கடை மாதிரி. திருட வருபவன் பலகையைப் படித்துவிட்டா வருகிறான்?

அந்தத் துணியும் எத்தனை நேரம் நிற்கும் என்று சொந்த வீட்டு வைஃபையில் யாரும் சோதித்துப் பார்க்கலாம். (அடுத்த வீட்டுக்காரரின் வைஃபையில் வேண்டாம்.) ஒரு லேப்டாப், காற்றில் போவதையெல்லாம் கேட்கக்கூடிய ஒரு யுஎஸ்பி அடாப்டர், இலவசமாகக் கிடைக்கும் வயர்ஷார்க் மென்பொருள் ஆகியவை போதும். மாடிப்படியில் உட்கார்ந்தால் திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருக்கும். பெயர்க் கட்டம் காலி. முதல் மாடிப் பெண் கல்லூரியிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். பையில் கிடக்கும் போன் வீட்டு வைஃபையோடு சேர முயல்கிறது. சேர வேண்டுமென்றால் பெயரைச் சொல்லித்தான் கேட்டாக வேண்டும். அந்தக் கோரிக்கைக்கு எந்தப் பூட்டும் கிடையாது. காலிக் கட்டத்தில் முழுப் பெயரும் வந்து உட்காருகிறது. அவள் இன்னும் இரண்டாவது செருப்பைக் கழற்றவில்லை.

சும்மா இருந்தாலாவது பரவாயில்லை, இது கெடுதலும் செய்கிறது. சாதாரண வைஃபை என்றால் ரவுட்டர் தானே பெயரைச் சொல்லும், போன் கேட்டுக்கொள்ளும். பெயரை ஒளித்துவிட்டால் போன்தான் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதனால் அந்த வீட்டுப் போன்கள் ரங்கநாதன் தெரு நெரிசலிலும், தாம்பரம் மின்சார ரயிலிலும், கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலும் "முருகன் இல்லம் இருக்கிறதா, முருகன் இல்லம் இருக்கிறதா" என்று கூவிக்கொண்டே போகின்றன. வீட்டுக்குள் ஒளித்த பெயரை ஊர் முழுக்கத் தண்டோரா போடும் வேலை. மறைத்த வைஃபையைச் சேர்த்தால் அந்தரங்கத் தகவல் வெளிப்படலாம் என்று ஐபோன் அதன் செட்டிங்ஸில் எச்சரிக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்?

பெயரை ஒளிக்க வேண்டாம், மாற்றுங்கள். டபிள்யூபிஏ2-வில் பாஸ்வேர்டோடு வைஃபை பெயரையும் கலந்து, 4096 சுற்று அரைத்துத்தான் உள் சாவி தயாராகிறது. கம்பெனி ஒட்டி அனுப்பும் பொதுப் பெயர்களுக்கு இந்த அரைப்பை முன்கூட்டியே முடித்து, அட்டவணையாக வைத்துக்கொள்ள முடியும். வீட்டுப் பெயரோ கதவு எண்ணோ இல்லாத, வேறெங்கும் இல்லாத ஒரு பெயர் அந்த அட்டவணையைக் குப்பையாக்கிவிடும்.

அடுத்தது செல்போன் எண். 2021-இல் இஸ்ரேலில், சைபர்ஆர்க் நிறுவன ஆய்வாளர் ஒருவர் டெல் அவிவ் தெருக்களில் கருவியோடு சுற்றி 5,000 வைஃபைகளின் தடயங்களைச் சேகரித்தார். 3,500-க்கும் மேற்பட்டவற்றின் பாஸ்வேர்டை உடைத்துவிட்டார். பெரிய மந்திரமெல்லாம் இல்லை. அந்த ஊரிலும் சனங்கள் செல்போன் எண்ணைத்தான் பாஸ்வேர்டாக வைக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம்மூர்க் கணக்கு என்ன? எண் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும். மொத்தம் பத்து இலக்கம். ஆக, அதிகபட்சம் 400 கோடி எண்கள். வீடியோ கேம் ஆடுபவர்கள் வாங்கும் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு ஒன்று விநாடிக்கு இருபது லட்சத்துக்கு மேல் போட்டுப் பார்க்கும். அரை மணி நேரச் சொச்சத்தில் வேலை முடிந்தது. அந்தச் சிரமமும் எதற்கு? மேல் மாடி காலியானபோது கேட்டில் தொங்கவிட்ட 'வீடு வாடகைக்கு' அட்டையிலேயே எண் இருக்கிறது. சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் அந்தக் கார்டு வருடக்கணக்கில் திணறும், பாட்டிக்கும் நினைவிருக்கும்.

இணைப்பைப் பங்கு போடும் வீடுகளில் இன்னொரு நம்பிக்கை உலவுகிறது: "நாங்க மேல தனி ரவுட்டர் போட்டுட்டோம், எங்களது தனி." இது பாதி உண்மை. ஓனர் பெட்டியிலிருந்து ஒரு வயரை இழுத்து, மேல் மாடி ரவுட்டரில் இணையம் உள்ளே வரும் வேன் துளையில் செருகினால், கீழிருந்து மேலே யாரும் எளிதில் எட்டிப் பார்க்க முடியாது. மேலிருந்து கீழே? தாராளமாகப் பார்க்கலாம். ஓனரின் டிவி, பிரிண்டர், வாசல் கேமராவின் டிவிஆர் எல்லாம் மேல் மாடிக்காரர் இணையத்துக்குப் போகிற வழியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பாதுகாப்பு யாருக்குத் தேவையோ அவரே திறந்து கிடக்கிறார். போதாக்குறைக்கு இரண்டு ரவுட்டரும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தால் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நெட்டே வராது; அதற்கும் ஃபைபர்காரத் தம்பிக்குத்தான் திட்டு. சரியான வழி, ஓனரும் தன் சாமான்களைத் தனி ரவுட்டருக்குப் பின்னால் கொண்டுபோவது. பொதுப் பெட்டியில் எவர் வீட்டுச் சாமானும் இருக்கக் கூடாது. செலவு கட்டுப்படியாகாதென்றால், குடித்தனக்காரர்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க்கைத் திறந்து, அதில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி ஐசொலேஷனைப் போட்டுவிடலாம்.

ஒரே பாஸ்வேர்டை மூன்று போர்ஷனுக்கும் கொடுப்பது இன்னும் மோசம். டபிள்யூபிஏ2-வில் பாஸ்வேர்டு தெரிந்தவர், இன்னொருவரின் போன் இணையும் தருணத்தைப் பதிவு செய்துவிட்டால், அந்தப் போனின் வைஃபைப் பூட்டைத் திறந்துவிடலாம். வங்கிச் செயலிக்கு அதன் சொந்தப் பூட்டு உண்டு, தப்பித்துக்கொள்ளும். எந்தெந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பெரும்பாலும் தப்பிக்காது. டபிள்யூபிஏ3 இந்த ஓட்டையை அடைத்துவிட்டது. ரவுட்டரில் அந்த வசதி இருந்தும் போடாமல் வைத்திருப்பவர்களை என்ன சொல்வது!

"யாரோ ரெண்டு எம்பி எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும், எங்கிட்ட என்ன இருக்கு" என்று பெருந்தன்மை பேசுபவர்கள் 2008-ஐ நினைவுபடுத்திக்கொள்ளலாம். அந்த ஆண்டு ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்னதாகச் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அதன் ஐபி முகவரி, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் இணைய இணைப்பைக் காட்டியது. போலீஸ் அவர் வீட்டுக்குப் போனது, கம்ப்யூட்டர்களை எடுத்துப் போனது, விசாரித்தது. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். மும்பை போலீசார் 2009 ஜனவரியில் பூட்டில்லாத வைஃபைகளைத் தேடித் தெருத்தெருவாகச் சுற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இத்தனை மெனக்கெட வேண்டாம். மேக் முகவரியைப் பட்டியல் போட்டு மற்றவர்களைத் தடுப்பது: அந்த முகவரியும் காற்றில் பூட்டில்லாமல்தான் போகிறது, யாரும் நகலெடுக்கலாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்களே பொய் முகவரி காட்டத் தொடங்கிவிட்டதால், இந்தத் தடுப்பில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வீட்டுக்காரர்தான். நெட் மெதுவானால் பக்கத்து வீட்டுக்காரர் திருடுகிறார் என்று அர்த்தமா? 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. தெருவில் முப்பது ரவுட்டர் இருக்கின்றன. பட்டனை அழுத்தினால் இணையும் டபிள்யூபிஎஸ் வசதி பத்திரமானது என்பது: அதன் எட்டு இலக்க பின் எண்ணை இரு துண்டாகச் சோதிப்பதால் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-லேயே அம்பலமானது. அணைத்துவிடுங்கள். கேமராவில் கம்பெனி பாஸ்வேர்டு அப்படியே இருந்தால் என்ன என்பவர்களுக்கு: 2016-இல் மிராய் என்ற தீம்பொருள் அறுபது சொச்சம் கம்பெனி பாஸ்வேர்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் வளைத்துப் போட்டது.

இத்தனைக்கும், ஒரு வீட்டில் பாதிச் சாமான்களுக்கு வைஃபையே தேவையில்லை. சுவரில் அடித்த டிவி நடந்தா போகப்போகிறது? டிவிஆருக்கும் மேசைக் கம்ப்யூட்டருக்கும் எதற்கு வைஃபை? மேல் போர்ஷனுக்கு இணைப்பைக் கொண்டுபோவதற்கும் வயரைவிட உத்தமமான வழி இல்லை. கேட் 6 கேபிள் நூறு மீட்டர் வரை சிணுங்காமல் போகும். மாடிப்படியில் உட்கார்ந்திருப்பவரின் லேப்டாப்புக்கு அதில் போவது காதில் விழாது. சேனல் நெரிசலும் கிடையாது. ஆனால் வீடு கட்டும்போது கேபிள் டிவிக்கு ஹாலிலும் பெட்ரூமிலும் பைப் பதிப்பவர்கள், நெட் வயருக்கு என்றால் முகத்தைச் சுளிக்கிறார்கள். கான்கிரீட் போட்ட பிறகு ஜன்னல் வழியாக வயர் தொங்கவிட்டு மழையில் நனையவிடுகிறார்கள். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்காமல், ரவுட்டர் வைக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் தனியாக ஒரு பைப் விட்டால் போதும். மொத்தக் கட்டுமானச் செலவில் அது கண்ணுக்கே தெரியாது.

அந்த மூன்று மாடி வீட்டுக்காரர் இப்போது பக்கத்துக் காலி மனையிலும் கட்டிக்கொண்டிருக்கிறார். சுவரில் காடி வெட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனிடம் நெட்டுக்கும் ஒரு பைப் விடச் சொன்னபோது அவர் உளியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு சார் வீண் செலவு? இப்பல்லாம் எல்லாமே வைஃபைதானே. வேணும்னா பேரை ஹைட் பண்ணி வெச்சுக்கலாம்."