தொழிற்சாலை வரும், போகும், காணி நிற்கும்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்குத் தோட்டம் செய்யக் காணி கையில் இல்லை. பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். மாதம் முடியச் சம்பளம் வருகிறது. இது நல்லதே. ஆனால் அந்த வேலை ஏன் வந்தது, ஏன் போய்விடலாம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

ஏன் வந்தது?

1974 முதல் 2004 வரை, ஒவ்வொரு நாடும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் எவ்வளவு உடுப்பு அனுப்பலாம் என்ற கோட்டா முறை இருந்தது. தங்கள் நாட்டுக் கோட்டா முடிந்த முதலாளிகள், கோட்டா மிச்சமுள்ள நாடுகளைத் தேடினார்கள். 1978 இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது; கோட்டாவும் வரிச்சலுகையும் குறைந்த கூலியும் அவர்களை இங்கே அழைத்து வந்தன.

ஏன் போகிறது?

வந்த காரணம் மாறினால் போவார்கள். 2005 தை 1 ஆம் திகதியுடன் கோட்டா ஒழிந்தது. 2010 ஆவணியில் ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்திய வரிச்சலுகை 2017 வைகாசியில்தான் திரும்பக் கிடைத்தது. 2025 வைகாசியில் நெக்ஸ்ட் என்ற பிரித்தானியக் கம்பனி, செலவு கூடிவிட்டதென்று தன் கட்டுநாயக்காத் தொழிற்சாலையை மூடியது. சுமார் 1,400 பேர் வேலையிழந்தனர். இவற்றில் எதையும் தையல் மெசினில் இருந்த பிள்ளை தீர்மானிக்கவில்லை. ஆனால் அவளும், அறை வாடகைக்கு விட்டவரும், சாப்பாட்டுக் கடைக்காரரும், ஊரில் காசை எதிர்பார்க்கும் தாயும் சேர்ந்தே அடிபடுகிறார்கள்.

நாம் கண்டது

1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் போரினால் நின்றது. காரணம் வேறு, விளைவு ஒன்றே. சுண்ணாம்புக்கல் அகழ்ந்த கிடங்குகள் மிஞ்சின. அதே வலிகாமம் வடக்கில், காணிக்குத் திரும்ப முடிந்தவர்கள் பற்றை வெட்டி, கிணறு இறைத்து, மீண்டும் பயிர் வைத்தார்கள்.

செய்ய வேண்டியவை

1. நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம். முதலாளி பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்டவேண்டும். ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று பாருங்கள்.

2. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பொதுவாக, உங்கள் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் ஆட்குறைப்புச் செய்ய முடியாது. ஆகவே விளங்காத கடிதத்தில் கையொப்பம் வைக்காதீர்கள். அங்கே 5 வருடம் வேலை செய்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் உண்டு.

3. காணி உறுதியைக் கவனமாக வையுங்கள். போகமுடியாத காணிதானே என்று குறைந்த விலைக்கு விற்காதீர்கள். இரவல் துண்டிலாவது நாலு பாத்தி போட்டுப் பிள்ளைகளுக்குத் தொழிலைப் பழக்குங்கள்.

கலந்துரையாடுவோம்

- நம் குடும்பச் செலவில் எவ்வளவு ஒரே சம்பளத்தில் தங்கியிருக்கிறது?
- அது நின்றால் மூன்று மாதம் எப்படிச் சமாளிப்போம்?
- ஊராகச் சேர்ந்து இப்போதே என்ன தொடங்கலாம்?