இசை கேட்டு மெய்சிலிர்த்தல்

சாரல் காலத்தில் குற்றாலப் பேரருவியில் நீராடுவோர் அனைவரும் அறிந்த அனுபவம் ஒன்று உண்டு. குளிர்ந்த நீர் தலையில் விழுந்த மாத்திரத்தில் கைகளிலும் தோள்களிலும் மயிர்கள் எழுந்து நிற்கும். உடல் ஒருமுறை நடுங்கி அடங்கும். அவ்வாறு நீராடி, உலர்ந்த ஆடை உடுத்துத் தென்காசி வட்டாரத்துத் திருக்கோயில் ஒன்றில் எம்பெருமானை ஸேவிக்கச் செல்லும் அடியார் ஒருவருக்கு, புறப்பாட்டு வேளையில் நாகஸ்வரத்தில் மல்லாரி எழும்போது அதே மயிர்க்கூச்செறிதல் மீண்டும் நேர்கிறது. அங்கே அருவியும் இல்லை, குளிரும் இல்லை. அருகில் நிற்கும் மற்றோர் அடியாரோ அதே இசையைக் கேட்டும் உடலில் மாறுதல் ஏதுமின்றி நிற்கிறார். முன்னவரே பக்தர் என்றும், பின்னவர் உள்ளம் கரையாத கல் என்றும் கொள்ளலாமா? இவ்வினாவுக்கு விடை காண, மெய்சிலிர்ப்பின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

தோலிலுள்ள மயிரின் அடியில் மிகச் சிறிய தசை ஒன்று அமைந்துள்ளது. அது சுருங்கினால் மயிர் நிமிரும். அத்தசை மனிதனின் விருப்பத்திற்குக் கட்டுப்படுவதன்று. தானே இயங்கும் நரம்பு மண்டலம் அதனை ஆள்கிறது. அடர்ந்த மயிருடைய விலங்குகளுக்கு இதனால் இரு பயன்கள் உண்டு. குளிரில் மயிரிடையே காற்று தேங்கி உடலின் வெப்பம் காக்கப்படும். பகைவரின் எதிரில் உடல் பெரிதாகத் தோன்றும். மனிதருக்கு அப்பயன்கள் பெரும்பாலும் அற்றுப்போயின. ஆயினும் பேருணர்ச்சி எழும்போது அதே தசை இன்றும் சுருங்குகிறது.

உள்ளத்துணர்ச்சி உடலில் வெளிப்படுவதை முன்னோர் நுணுகிக் கண்டிருந்தனர். தொல்காப்பியம் அதற்கு மெய்ப்பாடு என்று பெயரிட்டுத் தனி இயலே வகுத்தது. பரதரின் நாட்டிய சாஸ்திரம் எட்டு ஸாத்விக பாவங்களுள் ரோமாஞ்சத்தையும், கண்ணீரையும், குரல் தழுதழுத்தலையும் வைத்து எண்ணியது. கண்ணன் வெண்ணெய் களவில் கட்டுண்ட எளிமையை நினைந்து நம்மாழ்வார் ஆறு மாதம் மோகித்திருந்தார் என்பது ஸம்பிரதாயம்.

இனி, வெறும் ஒலியாகிய இசை இத்துணை ஆற்றல் பெற்றது எங்ஙனம்? இசை கேட்கும் மனம் வாளா இருப்பதில்லை. அடுத்து வரும் ஸ்வரம் யாது என்று எதிர்நோக்கியே செல்கிறது. வித்வான் ஆலாபனையில் மேல் ஸட்ஜத்தை நெருங்குகிறார். அதனைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வருகிறார். கேட்போரின் ஏக்கம் முதிர்ந்த பின்னர் அதில் வந்து நிலைகொள்கிறார். அக்கணத்தில்தான் பலருக்கு உடல் சிலிர்க்கிறது. கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது. இசையின் உச்சத்தை எதிர்பார்த்திருக்கும்போது மூளையின் ஒரு பகுதியிலும், அவ்வுச்சம் வந்தெய்தும்போது மற்றொரு பகுதியிலும் டோபமின் என்னும் பொருள் சுரக்கக் கண்டனர். ஏங்குதலும் இன்பம், எய்துதலும் இன்பம் என்பதே இதன் பொருள். ஒலி திடீரெனப் பெருகும் இடமும், புதிய குரல் புகும் இடமும் சிலிர்ப்பைத் தூண்டுவன. கோஷ்டியில் ஒருவர் பாசுரம் எடுக்க, அனைவரும் ஒரே குரலாய்ச் சேர்ந்துகொள்ளும் இடத்தை அன்பர்கள் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

மற்றொரு கருத்தும் கூர்ந்து நோக்கத்தக்கது. ஜாக் பாங்க்ஸெப் என்னும் அறிஞர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், மகிழ்ச்சிப் பாடல்களைவிடச் சோகம் தோய்ந்த பாடல்களே மிகுதியாகச் சிலிர்ப்பைத் தருவதாகக் கண்டார். தாயைப் பிரிந்த குட்டியின் கூக்குரலை ஒத்த ஒலி இசையில் கேட்பதால், பிரிவின் குளிர் உடலில் தோன்றுகிறது என்பது அவர் கருதியது. இது முடிந்த முடிபன்று. எனினும், எம்பெருமானைப் பிரிந்த தலைவியாகத் தம்மைப் பாவித்து ஆழ்வார்கள் அருளிய பாசுரங்களில் ஈடுபட்டோர்க்கு இக்கருத்து புதுமையாகத் தோன்றாது.

எதிர்நோக்கு மனத்தில் எழப் பழக்கம் வேண்டும். அதற்குக் குற்றாலமே சான்று. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954) தம் பிற்காலத்தை இவ்வூரில் கழித்தார். கம்பர் செய்யுள் ஒன்றையே மீண்டும் மீண்டும் பாடிக் காட்டி, அதன் தாளத்தையும் பாவத்தையும் கேட்போர் நெஞ்சில் பதியவைப்பது அவர் முறை. முதல்முறை சொல்லாக நின்ற செய்யுள், பலமுறை கேட்டபின் உணர்ச்சியாக மாறும். பாசுரத்தின் பொருளை அறிந்தும், பண்ணைப் பலகால் கேட்டும் வருவோர்க்குத் திருநாள் இசை மேலும் இனிப்பது இதனாலேயே.

ஆயினும் எல்லோர்க்கும் ஒரே அளவில் சிலிர்ப்பு வாய்ப்பதில்லை. 2016-இல் வெளியான ஆய்வொன்றில், அடிக்கடி சிலிர்ப்பவர் 10 பேரையும், சிலிர்ப்பு அரிதாக நேர்பவர் 10 பேரையும் ஒப்பிட்டனர். முன்னவர்க்கு, ஒலியை உணரும் பகுதிக்கும் உணர்ச்சிக்குரிய பகுதிகளுக்கும் இடையே நரம்பிழைத் தொடர்பு மிகுந்திருந்தது. அது பிறவியில் வந்ததா, கேட்டுப் பழகியதால் வளர்ந்ததா என்பது அதனால் துணியப்படவில்லை. செவி குறைவின்றி இருந்தும், வேறு இன்பங்களை நுகர்ந்தும், இசையில் மட்டும் இன்பம் காணாத சிலர் உளர் என்பதை 2014-இல் பார்ஸிலோனா ஆய்வாளர்கள் காட்டினர். ஆகவே புளகம் உடலின் அமைப்பையும் பழக்கத்தையும் சார்ந்தது. அதனைக் கொண்டு ஒருவர் பக்தியை அளப்பது முறையன்று. சிலிர்த்தவர் செருக்குறவும் வேண்டா. சிலிர்க்காதவர் தம்மை நொந்துகொள்ளவும் வேண்டா.

திருக்குறுங்குடியில் கார்த்திகை மாத வளர்பிறை ஏகாதசியன்று நினைக்கப்படும் நம்பாடுவான் வரலாறு இதனை நன்கு உணர்த்தும். எம்பெருமானைப் பாடச் செல்லும் வழியில் பிரம்மராக்ஷஸனிடம் அகப்பட்ட அப்பாணர், பாடிவிட்டு மீள்வதாக வாக்களித்தார், சென்று பாடினார், உயிர் போகும் என்று அறிந்தும் திரும்பிவந்தார். கைசிகப் பண்ணில் பாடியதன் பலனை அவர் ஈந்தமையால் ராக்ஷஸன் சாபம் நீங்கினான். பாடியவர் உடல் எவ்வளவு சிலிர்த்தது என்று அவ்வரலாறு கணக்கிடவில்லை. சொன்ன சொல் காத்ததையும், தம் பாட்டின் பலனைப் பிறர்க்கு ஈந்ததையுமே அது போற்றுகிறது. சிலிர்ப்பு கணத்தில் அடங்கும். இசை நெஞ்சில் விளைவித்த இரக்கமும் வாய்மையுமே நிலைத்து நிற்கும் பேறாகும்.