ஊருக்குப் போறியா? பூனைக்கு யாரு சோறு வைப்பா?

தங்கச்சி, பொங்கலுக்கு டிக்கெட் எடுத்தாச்சு, பெட்டியும் அடுக்க ஆரம்பிச்சாச்சு. சரி, பூனையை என்ன பண்ணப் போற? ‘பெரிய கிண்ணத்துல நிறைய கொட்டி வெச்சுட்டுப் போயிடுவேன்க்கா, அது பாட்டுக்குச் சாப்பிட்டுக்கும்’னு மட்டும் சொல்லிடாதே. பூனை வாசல்ல நின்னு அழாது, ஆளைத் தேடி ஊரைக் கூட்டாது. அதனாலயே அதுக்கு ஆளே வேண்டாம்னு நினைச்சுக்கிறோம். உடம்புக்கு முடியலேன்னாலும் அது சத்தம் போடாது. பேசாம கட்டிலுக்கு அடியில போய்ச் சுருண்டுக்கும். யாராவது குனிஞ்சு பார்த்தாத்தான் விஷயம் தெரியும்.

அதனால அக்கா சொல்ற முதல் டிப்ஸ் இதுதான்: சாப்பாடு வைக்க ஆள் தேடாதே, சாப்பிட்டுச்சானு பார்க்க ஆள் தேடு. மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்.

எத்தனை நாள் தனியா விடலாம்?

நல்லா இருக்கிற வளர்ந்த பூனைன்னா 24 மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ட்ரை ஃபுட்டும், ரெண்டு மூணு இடத்துல தண்ணியும் வெச்சுட்டுப் போயிட்டு வரலாம். அதுக்கு மேல போனா தினமும் ஒருத்தர் வீட்டுக்கு வந்தே ஆகணும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்தா ரொம்ப நல்லது.

குட்டிக்கு இந்தக் கணக்கு செல்லாது. நாலு மாசத்துக்குக் கீழேன்னா ஒரு நாளைக்கு நாலு வேளை, ஆறு மாசம் வரைக்கும் மூணு வேளை கொடுக்கணும். குட்டி, வயசான பூனை, மருந்து சாப்பிடுற பூனை இதுக்கெல்லாம் வீட்டோட தங்க ஆள் வேணும், இல்லேன்னா நல்ல போர்டிங்கா பார்த்து விடணும். இன்சுலின் போடுற பூனைக்கு 12 மணி நேரத்துக்கு ஒரு ஊசின்னு டாக்டர் சொல்லியிருப்பார். அது சாப்பிடாத அன்னிக்கு டாக்டரைக் கேட்காம ஊசி போடக் கூடாது. இந்தப் பொறுப்பை பக்கத்து வீட்டுப் பிள்ளை தலையில கட்டாதே.

‘பூனைதானே, பூட்டிட்டுப் போனா என்ன’ன்னு வீட்டுல யாராவது சொன்னா இதைச் சொல்லு: 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தோட 11-வது பிரிவு, வளர்க்கிற பிராணிக்குப் போதுமான தீனி, தண்ணி கொடுக்காம விடறதையும், பட்டினி கிடக்கிற நிலைமையில கைவிட்டுட்டுப் போறதையும் குற்றம்னே சொல்லுது.

ஆளை எப்படிப் பிடிக்கிறது?

பண்டிகை சமயத்துல அப்பார்ட்மென்ட்டே காலியாயிடும். அதனால ‘பூனை பிடிக்குமா’ன்னு கேட்கறதுக்கு முன்னாடி ‘நீங்க ஊர்ல இருப்பீங்களா’ன்னு கேளு. எதிர் வீட்டு மாமி, வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, கீழ் வீட்டுல இருக்கிற காலேஜ் பையன் யாரா இருந்தாலும் சரி. பூனையைப் பார்த்து பயப்படாதவங்களா, நடந்து வர்ற தூரத்துல இருக்கிறவங்களா இருக்கணும். பிள்ளைங்கள மட்டும் அனுப்பினா கதவைத் திறந்து போட்டுட்டு விளையாட உட்கார்ந்துடுவாங்க. கூட ஒரு பெரியவங்க வரட்டும்.

கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவை அவங்களையே வீட்டுக்குக் கூப்பிட்டு, அவங்க கையால தீனி வைக்கச் சொல்லு. நீ சமையல்கட்டுல நின்னுக்கோ. உன் பூனைக்கு அவங்க வாசனை பழகணும், அவங்களுக்கு உன் வீட்டுப் பூட்டு பழகணும். கடைசி நாள் உடுத்தின நைட்டியோ துப்பட்டாவோ துவைக்காம பூனை படுக்கிற இடத்துல போட்டுட்டுப் போ. உன் வாசனை இருந்தா அது கொஞ்சம் நிம்மதியா இருக்கும்.

பழகின தீனியையே கொடு

ஊருக்குப் போற வாரம்தான் புது பிராண்ட் வாங்கிப் பார்ப்பேன்னு நிக்காதே. வயிறு போகும், இல்லேன்னா வாயே வைக்காது. இதுவரைக்கும் மீனும் சோறும் சாப்பிட்ட பூனைன்னா, பயணத்துக்கு ஏழு முதல் பத்து நாளைக்கு முன்னாடியே ட்ரை ஃபுட்டைக் கொஞ்சம் கொஞ்சமா கலந்து கூட்டிட்டு வா. ஏன்னா வேகவெச்ச மீனும் கோழியும் ஃபிரிட்ஜை நம்பி இருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில அரை நாள் கரன்ட் போனா அத்தனையும் குப்பைக்குத்தான்.

நாலு கிலோ எடை இருக்கிற, வீட்டுக்குள்ளேயே சுத்துற பூனைக்கு ட்ரை ஃபுட் மட்டும்னா ஒரு நாளைக்கு 50-லேர்ந்து 60 கிராம் போதும். பாக்கெட் பின்னாடி இருக்கிற அட்டவணையையும் ஒரு தடவை பார்த்துக்கோ. தராசுல நீயே அளந்து, சின்ன ஜிப் கவர்ல போட்டு, ‘திங்கள் காலை’, ‘திங்கள் மாலை’ன்னு மார்க்கர்ல எழுதி வெச்சுடு. வர்றவங்க கவரைப் பிரிச்சுக் கொட்டினா வேலை முடிஞ்சது. ரெண்டு பேர் மாத்தி மாத்தி வந்தா இது இன்னும் அவசியம். காலையில சாப்பிட்ட அடையாளமே காட்டாம அடுத்தவங்க காலைச் சுத்திக் கத்தி இன்னொரு தடவை வாங்கிடும். கவர் காலியா இருந்தா அந்த நடிப்பு பலிக்காது.

வெட் ஃபுட் பவுச் கொடுக்கிற வழக்கம் இருந்தா, வீட்டுக்குள்ள வந்ததும் முதல் வேலையா அதை வைக்கச் சொல்லு. தண்ணி மாத்தி, மணல் ட்ரே அள்ளி முடிக்கிறதுக்குள்ள பூனை சாப்பிட்டுச்சா, முகர்ந்துட்டுப் போச்சான்னு கண்ணால பார்த்துடலாம். மிச்சத்தை எடுத்துடணும். நம்ம ஊர் வெயில்ல ஒரு மணி நேரத்துக்கு மேல அது வெளியில கிடக்கக் கூடாது. பிரிச்ச பவுச்சை மூடி ஃபிரிட்ஜ்ல வெச்சா ரெண்டு நாளைக்குள்ள முடிச்சுடணும்.

ரெண்டு மூணு பூனை இருந்தா தனித்தனித் தட்டு, முடிஞ்சா தனித்தனி ரூம். எல்லாம் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நிக்கச் சொல்லு. காலித் தட்டைப் பார்த்து யார் சாப்பிட்டாங்கன்னு சொல்ல முடியாது.

தண்ணி, எறும்பு, ஈரம்

பூனைக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 50 மில்லி தண்ணி ஒரு நாளைக்கு உடம்புக்குள்ள போகணும். வெட் ஃபுட்டுல முக்கால் பங்குக்கு மேல தண்ணிதான். ட்ரை ஃபுட்டுல பத்துல ஒரு பங்குகூட இருக்காது. அதனால ட்ரை ஃபுட் நாள்ல தண்ணிதான் முக்கியம். அகலமான எவர்சில்வர் இல்லேன்னா பீங்கான் கிண்ணமா எடுத்து, தீனித் தட்டுக்கும் மணல் ட்ரேக்கும் தள்ளி ரெண்டு மூணு இடத்துல வை. மேலாக ஊத்தி நிரப்பறது கணக்கில்ல. கழுவிட்டு, புதுசா ஊத்தணும்.

எறும்புக்கு வழி நம்ம பாட்டி காட்டினதுதான்: அகலத் தட்டுல தண்ணி ஊத்தி, நடுவுல தீனிக் கிண்ணத்தை வை. தட்டைச் சுத்தி எறும்பு சாக்பீஸால கோடு மட்டும் போடாதே. அந்த மாதிரி மருந்துல இருக்கிற பைரெத்ராய்டு வகை விஷத்தைப் பூனையோட உடம்பால முறிக்க முடியாது. காலால மிதிச்சுட்டு, காலை நக்கிடும். மழைக்காலத்துல ட்ரை ஃபுட் நமுத்துப் போய்ப் பூஞ்சை பிடிக்கும். பாக்கெட்டோட காத்துப் புகாத டப்பாவுக்குள்ள போட்டு வை.

மெஷின் ஃபீடர் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனா அது ஆளுக்குப் பதில் ஆகாது. நேரத்துக்குத் தீனியைக் கொட்டும், அவ்வளவுதான். சாப்பிட்டுச்சான்னு பார்க்காது, ட்ரே அள்ளாது. பேட்டரி பேக்கப் இருக்கிறதா பார்த்து வாங்கு. நீ வீட்டுல இருக்கும்போதே ஒரு வாரம் ஓட்டிப் பாரு. ஈரத்துல தீனி ஒட்டிக்கிட்டு வாய் அடைச்சுக்குதா, பூனை கையை விட்டு நோண்டி எடுக்குதான்னு அப்பத்தான் தெரியும்.

ஃபிரிட்ஜ் மேல ஒட்ட வேண்டிய சீட்டு

போன்ல சொன்னது மறந்துடும். கொட்டை எழுத்துல எழுதி ஒட்டு. இந்த மாதிரி:

- பேர் மணி. ஆண், 3 வயசு. பயந்தா பீரோ மேல இருப்பான். இழுக்க வேண்டாம்.
- வாசக்கதவை உள்ளே வந்ததும் சாத்தணும். பால்கனி கதவு திறக்கக் கூடாது.
- முதல்ல தீனி. அப்புறம் தண்ணி கழுவி ஊத்தணும். அப்புறம் ட்ரே அள்ளணும்.
- பால், கருவாடு, சாம்பார் சோறு, நம்ம மாத்திரை எதுவும் கூடாது.
- கூடை ஹால் மூலையில. டாக்டர் நம்பர், என் நம்பர், என் தம்பி நம்பர் கீழே.

ரெண்டாவது நம்பர் கண்டிப்பா வேணும். ராத்திரி ரயில்ல உனக்கு சிக்னல் இருக்காது. பூனைக் கூடையைப் பரண்ல இருந்து இறக்கி, துண்டு விரிச்சு, திறந்தே வை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு கவர்ல பணமும், தடுப்பூசி அட்டையும் பக்கத்துலயே இருக்கட்டும். ‘அவசரம்னா என்னைக் கேட்காம டாக்டர்கிட்ட கொண்டு போங்க’ன்னு வாட்ஸ்அப்ல எழுதியே கொடுத்துடு. சென்னையில இருந்தா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி தெரிஞ்சிருக்கும். மத்த ஊர்ல எந்த டாக்டர் பண்டிகை அன்னிக்கும் இருப்பார்னு முன்னாடியே விசாரிச்சு வை.

தினமும் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுவ இல்லையா? பூனை போட்டோ வேண்டாம். சாப்பிட்ட தட்டும், அள்ளறதுக்கு முன்னாடி மணல் ட்ரேயும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. அவங்க சிரிப்பாங்க. பரவாயில்ல, உனக்கு வேண்டிய தகவல் அதுலதான் இருக்கு.

பாசத்துல கொடுத்துடக் கூடாதது

- வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு சோறு. ரத்தச் சிவப்பணுவைக் கெடுக்கும்.
- பால். வளர்ந்த பூனைங்க நிறையப் பேருக்கு ஜீரணம் ஆகாம வயித்தால போகும்.
- பச்சை மீன். நெத்திலி, மத்தி மாதிரி மீனைப் பச்சையா தொடர்ந்து போட்டா பி1 சத்தை அழிச்சுடும். உப்பு, மசாலா இல்லாம வேகவெச்சு, முள் எடுத்துக் கொடுக்கலாம்.
- நாய் பிஸ்கட். பூனைக்கு வேண்டிய டாரின் சத்து அதுல போதாது. தொடர்ந்து கொடுத்தா கண்ணும் இதயமும் பாதிக்கும்.
- பாரசிட்டமால். ‘உடம்பு சுடுது, அரை மாத்திரை கொடுத்தேன்’னு யாராவது சொன்னா அந்த நிமிஷமே டாக்டர்கிட்ட ஓடணும். பூனைக்கு அது உயிரெடுக்கிற விஷம்.

பூக்கட்டுற நூல், தையல் நூல், ரப்பர் பேண்ட் எல்லாத்தையும் எடுத்து உள்ளே வை. முழுங்கினா குடலைச் சுருட்டி இழுத்துடும்.

எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

ஒரு நாள் முழுக்க வாயே வைக்கலேன்னா உனக்கு போன் வரணும். ரெண்டாவது நாளும் அப்படியே இருந்தா டாக்டர்தான். ‘ஏக்கத்துல இருக்கு, பசிச்சா தானா சாப்பிடும்’னு விடறது பூனை விஷயத்துல ஆபத்து. பட்டினி கிடந்தா உடம்புல இருக்கிற கொழுப்பு கரைஞ்சு ஈரல்ல போய் அடைச்சுக்கும். குண்டுப் பூனைக்கு இது சீக்கிரமே வரும்.

ஆண் பூனை திரும்பத் திரும்ப ட்ரேல போய் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரலேன்னா நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இருக்கவே கூடாது. அடைப்பு ஏற்பட்டா ஓரிரு நாள்ல உயிருக்கே ஆபத்து. வாயைத் திறந்து இளைச்சாலும் அப்படித்தான், உடனே போகணும். பார்த்துக்கிறவங்களைக் கடிச்சோ பிராண்டியோ வெச்சா, சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் ரேபிஸ் ஊசி வேணுமான்னு கேட்கணும். உன் பூனைக்கு ஊசி போட்டாச்சுங்கிறதை நம்பி இதை விட்டுடாதே.

தீபாவளி, போகி

தீபாவளிக்கு வர்றவங்ககிட்ட நேரத்தை மாத்திக்கச் சொல்லு. வெடிச் சத்தம் கேட்டுப் பூனை மிரண்டிருக்கிற நேரத்துல கதவைத் திறந்தா ஒரே ஓட்டமா வெளியில போயிடும். சாயங்காலத் தீனியை இருட்டறதுக்கு முன்னாடியே வெச்சுட்டு, ஜன்னலைச் சாத்தி, ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வெச்சுட்டா போதும். போகி விடியக்காலையில புகை வரும். முதல்நாள் ராத்திரியே ஜன்னலைச் சாத்திடணும்.

மொட்டை மாடிக்கு வர்ற தெருப்பூனைங்களுக்கும் நீ வைக்கிறதா இருந்தா, ஒரே நேரத்துல, ஒரே இடத்துல, சாப்பிடற அளவு மட்டும் வைக்க ஒருத்தரை ஏற்பாடு பண்ணு. மிச்சத்தை உடனே எடுக்கச் சொல்லு. எலியும் காக்காயும் கூடினா நீ திரும்பி வர்றதுக்குள்ள அசோசியேஷன் மீட்டிங்கே போட்டுடுவாங்க.

திரும்பி வந்ததும்

முதல்ல பூனையைத் தூக்கி எடை பாரு, மிச்சம் இருக்கிற தீனிக் கவரை எண்ணு. கணக்கு இடிச்சா பார்த்துக்கிறவங்களைக் குத்தம் சொல்லாம, எந்த நாள் சாப்பிடலைன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோ. வேலைக்கு வர்ற அக்கான்னா பேசின பணத்தைக் கையோட கொடுத்துடு. எதிர் வீட்டு மாமி பணம் வாங்க மாட்டாங்க. திருநெல்வேலி அல்வாவோ மணப்பாறை முறுக்கோ வாங்கிட்டு வந்துடு. அடுத்த தடவை ரயிலுக்கு டிக்கெட் போடறதுக்கு முன்னாடி, அவங்ககிட்ட தேதி கேட்டுட்டுப் போடு.