கரை சேருமுன் நன்றி



கடல் கடந்து மறைபணியாற்றச் சென்ற ஒருவரைப் பற்றிப் பேசும்போது, அவர் எத்தனை ஊர்களுக்குச் சென்றார், எத்தனை பேருக்குத் திருமுழுக்கு அளித்தார், எத்தனை ஆலயங்களை எழுப்பினார் என்றே பெரும்பாலும் கேட்கிறோம். அவர் எங்கே படுத்துறங்கினார், நோயுற்றபோது அவருக்குக் கஞ்சி வார்த்தவர் யார், ஊர் நினைவு வாட்டியபோது எதைக்கொண்டு மனந்தேறினார் என்று நாம் கேட்பது அரிது. ஆயினும் நெடுநாட் பணியில் ஒருவர் நிலைத்து நிற்பதும், இடைவழியிற் சோர்ந்து விழுவதும் பெரிதும் இவற்றைப் பொறுத்தே அமைகின்றன. இளைப்பாறுதலையும் நன்றியறிதலையும் பணி முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்க முடியாது. இதனை இன்று சற்றுச் சிந்திப்போம்.

போக விரும்பியவரும் போனவரும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைக் கடலைக் கடந்து தீவுப் பகுதிக்குச் செல்வோர் முதலிற் காணும் ஊர்களுள் ஒன்று அல்லைப்பிட்டி. இங்குள்ள ஆலயம் புனித பிலிப்பு நேரியாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1515இல் பிறந்து 1595இல் இறந்த இப்புனிதர், தாமும் கீழைநாடுகளுக்கு மறைபணியாளராகச் செல்ல ஆவல் கொண்டவர். அங்கிருந்து புனித சவேரியார் எழுதிய மடல்கள் அந்த ஆவலை மூட்டின. ஆனால் அவருடைய பணிக்களம் உரோமாபுரியே என்று துறவி ஒருவர் எடுத்துரைத்தார். அதையே இறைசித்தமாக ஏற்று, அந்நகரிலேயே மகிழ்ச்சியோடு உழைத்தார் நேரியார்.

சவேரியாரோ 1541 ஏப்ரலில் லிஸ்பன் நகரிற் கப்பலேறி, 13 மாதங்களின் பின் 1542 மே மாதத்தில் கோவாவை அடைந்தார். 1546இல் அம்போன் தீவிலிருந்து எழுதுகையில், தம் சகோதரர்களின் மடல்களிலிருந்து அவர்களுடைய கையொப்பங்களை வெட்டியெடுத்துத் தம்மோடு கொண்டுசெல்வதாகவும், அது தமக்கு ஆறுதல் அளிப்பதாகவும் தெரிவிக்கின்றார். அயலூரிற் களைத்த நெஞ்சுக்கு நண்பர்களின் பெயர்களே நிழலாயின. போக விரும்பியவரையும் போனவரையும் திருச்சபை 1622 மார்ச் 12ஆம் நாள் ஒருங்கே புனிதர்களாக அறிவித்தது.

கஞ்சி வார்த்த கை

நேரியாரின் ஒறற்றோரியன் சபை முறையைத் தழுவி, 1685இல் கோவாவில் ஒரு குழுவை நிலைநாட்டியவர் யோசேப் வாஸ் அடிகளார். 1687இல் அவர் யோவான் என்னும் உதவியாளருடன் இலங்கைக்கு வந்தார். அக்காலத்தில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தரின் ஆட்சியில் இருந்தது. கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கே இடமில்லை. ஆகவே இரவலர் கோலம் பூண்டு, வீடுவீடாகச் சென்றார். கழுத்திற் கிடந்த செபமாலையைப் பார்த்து யார் முகம் மலர்கின்றது என்று கவனித்து, மறைந்து வாழ்ந்த விசுவாசிகளைக் கண்டுகொண்டார்.

வந்த தொடக்கத்திலேயே அவரையும் யோவானையும் வயிற்றுளைவு நோய் பற்றிக்கொண்டது. கவனிப்பாரின்றிக் கிடந்த அவர்களுக்கு இரக்கமுள்ள ஒரு பெண் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றியதாக வரலாற்றாசிரியர் கூறுவர். அப்பெண்ணின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. ஆயினும் இந்நாட்டில் அடிகளார் ஆற்றிய 24 ஆண்டுப் பணியில் அந்தக் கஞ்சிக்கும் பங்குண்டு அல்லவா? கொடுக்க வந்தவர் முதலிற் பெற்றுக்கொள்ளக் கற்றார். பெற்றுக்கொள்ளத் தெரியாத பணியாளருக்கு இளைப்பாறவும் தெரியாது. எல்லாம் தம் கையாலேயே நடக்கவேண்டும் என்று எண்ணி அவர் களைத்துப் போவார்.

கண்டியில் ஒற்றர் என்று ஐயுற்று அவரைச் சிறைவைத்தனர். கோவாவிலிருந்து துணைக் குருக்கள் வந்து சேர ஏறக்குறைய 10 ஆண்டுகள் சென்றன. தாயகம் திரும்பாமலே 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியில் உயிர்நீத்தார். 2015 சனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

புயலின் நடுவே

திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். புனித சின்னப்பர் கைதியாக உரோமைக்குக் கப்பலிற் செல்கின்றார். 14 நாட்களாகப் புயல். கப்பலில் 276 பேர். யாரும் சரியாக உண்ணவில்லை. விடிந்தபோது சின்னப்பர் அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் கடவுளுக்கு நன்றிகூறி உண்ணத் தொடங்கினார். உடனே மற்றவர்களும் தைரியமடைந்து உண்டார்கள். கப்பல் உடைந்ததும், அனைவரும் கரை சேர்ந்ததும் அதற்குப் பின்னரே நடந்தவை. ஆபத்து நீங்குமுன்பே நன்றி பிறந்துவிட்டது. அந்த நன்றியே நீந்திக் கரையேறும் வலிமையைக் கொடுத்தது.

நன்றியும் கண்ணீரும்

இதைக் கேட்டு, “நன்றி என்றால் பட்டதை மறந்துவிடுவதா?” என்று நீங்கள் கேட்கலாம். அல்லைப்பிட்டி மக்களுக்கு அப்படிச் சொல்ல யாருக்கு மனம் வரும்? 2006 ஆகஸ்ட் 13ஆம் நாள் இவ்வூர் ஆலயம் எறிகணை வீச்சுக்கு உள்ளாகி, அங்கே அடைக்கலம் புகுந்திருந்த பலர் மாண்டனர். ஒரு வாரத்தின் பின், ஆகஸ்ட் 20ஆம் நாள், பங்குக் குருவானவர் ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போனார். இந்தத் துயரத்தை நன்றியென்னும் பெயரால் மூடி மறைப்பது விசுவாசமாகாது. புலம்பலும் செபமே. புயல் இல்லை என்று சின்னப்பர் சொல்லவில்லை. புயலுக்குள்ளேயும் கையில் அப்பம் இருக்கின்றது என்பதைக் கண்டார். துயரத்தை உள்ளபடி சொல்லி, துயர நேரத்தில் நம்மைத் தாங்கிய கைகளையும் உள்ளபடி நினைப்பதே நன்றியறிதல்.

நாம் செய்யக்கூடியவை

இன்று நம் மண்ணிற் பிறந்த குருக்களும் கன்னியரும் தூர தேசங்களிற் பணியாற்றுகின்றனர். மொழியும் குளிரும் தனிமையும் அவர்களுக்குச் சுமையாகின்றன. அத்தகையோர் தினமும் இரவில், அன்று தமக்கு உதவிய ஒருவரையேனும் பெயர் சொல்லி நினைத்து இறைவனுக்கு நன்றி கூறுவது நல்ல பழக்கம். பணியிலிருந்து திரும்பிய சீடரைத் தனிமையான இடத்துக்கு அழைத்து இளைப்பாறச் செய்தவர் நம் ஆண்டவரே. ஆகவே ஓய்வு கொள்வதற்கு அவர்கள் கூச்சப்படவேண்டியதில்லை.

வீட்டிலிருக்கும் நமக்கும் கடமையுண்டு. அவர்களோடு பேசும்போது நம் தேவைகளை அடுக்குமுன், “சாப்பிட்டீர்களா? நித்திரை கொண்டீர்களா?” என்று கேட்போம். நம் பங்கில் பணிபுரிய வந்திருக்கும் குருவானவரும் ஒரு தாயின் பிள்ளை என்பதை மறவாதிருப்போம். யோசேப் வாஸ் அடிகளாருக்குக் கஞ்சி வார்த்த பெண்ணின் இடம் ஒவ்வோர் ஊரிலும் நமக்காகத் திறந்தே இருக்கின்றது.

சிந்தனைக்கு:

1. என் வாழ்வின் புயல் நேரத்தில் எனக்குக் ‘கஞ்சி வார்த்தவர்’ யார்? அவருக்கு நன்றி கூறினேனா?

2. பிறர் உதவியை மனமுவந்து ஏற்க எனக்குத் தடையாயிருப்பது எது?

3. தூரத்திற் பணியாற்றும் ஒருவரின் களைப்பைப் போக்க இந்த வாரம் நான் என்ன செய்வேன்?